ஆடுகள் தங்கிய வகைக்கு

நான் சர்க்காருக்குச் சாணி விற்றவள். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் திருச்சி, சென்னைப் பக்கத்து உறவுக்காரர்கள் உடனே சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசட்டும். அவர்களில் பாதிப் பேர் சர்க்காரிடம் சம்பளம் வாங்கிப் பிழைத்தவர்கள். நாங்கள் சர்க்காருக்கு ஒன்றைக் கொடுத்துப் பிழைத்தோம். கொடுத்தது என்ன என்பது வேறு விஷயம்.

நான் கறம்பக்குடியில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். பரீட்சையில் தேறினேனா என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. மாமியார் அன்று முழுக்க மாடுகளைப் பற்றித்தான் பேசினார். வந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் வேறு எது இருந்ததோ இல்லையோ, ஊரிலேயே பெரிய மாட்டுக் கொட்டகை இருந்தது. அதன் பின்னால் ஊரிலேயே பெரிய எருக்குழி இருந்தது. காலையில் எழுந்ததும் மாமியார் முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் குழியைத்தான். சாமி படம் அப்புறம்.

என் வீட்டுக்காரர் நல்ல ஆகிருதியான மனிதர். சந்தையில் காளை மிரண்டால் ஓடுகிறவர்களுக்கு எதிர்த்திசையில் நடந்து போய் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பார். ஆனால் பூட்ஸ் போட்ட ஆள் எதிரே வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கிராம முன்சீப் வரைக்கும் பேசுவார். அதற்கு மேலே போனால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும், வாய் மூடிக்கொள்ளும், கண் எதிராளியின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் காகிதம் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது.

அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே முள்ளும் கள்ளியும் மண்டிக் கிடந்த செம்மண் மேட்டை விவசாய இலாகா எடுத்து, கிணறு வெட்டி, ஓட்டுக் கட்டடம் ஒன்று கட்டி, விதைப் பண்ணை என்று போர்டு மாட்டியது. இலாகாக்காரர்கள் ஊர் ஊராக வந்து, ஒலிபெருக்கி வைத்து, எரு எப்படிச் சேர்ப்பது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். என் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, பண்ணையில் மொத்தம் எத்தனை மாடு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒரு ஜோடி உழவு மாடு என்று பதில் வந்தது. மாமியார் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

செம்மண் மேட்டுக்கு எரு இல்லாமல் எதுவும் விளையாது என்று பண்ணை மேனேஜருக்கும் சீக்கிரம் தெரிந்துபோயிற்று. அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. விவசாயக் காலேஜில் படித்து முடித்த கையோடு இங்கே அனுப்பிவிட்டார்கள். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று, யார் வந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்பார். உட்கார ஒரு கல்கூட இருக்காது. அவருக்குக் கீழே ஒரு குமாஸ்தா இருந்தார். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சமஸ்தானத்து ஆபீஸில் வேலை பார்த்தவர். ராஜா போனதை மன்னித்தாலும், தன்னை இந்த ஓட்டுக் கட்டடத்தில் கொண்டுவந்து போட்டதை அவர் மன்னிக்கவே இல்லை.

பண்ணைக்கு மக்கிய தொழு உரம் தேவை, வண்டி வாடகை உட்படக் கொடுப்பவர்கள் டெண்டர் எழுதலாம் என்று ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரே கூடிப் படித்தது. யாரும் எழுதவில்லை. சர்க்கார் மாட்டுக்கு வரி போடப் போகிறது, யார் எரு விற்கிறான் என்று பார்த்து அவன் மாடுகளைக் கணக்கெடுக்கத்தான் இந்தத் தந்திரம் என்று டீக்கடையில் முடிவு செய்துவிட்டார்கள். என் மாமியார் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். சாணிக்கு டெண்டர் விடுகிற அளவுக்கு நொடித்துப் போன சர்க்கார் மாட்டுக்கு வரி போட்டு என்ன செய்யும் என்றார். நான் எழுதினேன்.

நோட்டீஸில் ஒரு வரி இருந்தது. சரக்கின் மாதிரியை முத்திரையிட்டு டெண்டருடன் அனுப்ப வேண்டும். உளுந்துக்கும் கடலைக்கும் எழுதிப் பழகிய குமாஸ்தாவின் கை எருவுக்கும் அதையே எழுதிவிட்டது. காகித உறையில் எருவைப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அடுக்களையில் ஒரு சின்ன ஊறுகாய் ஜாடி காலியாக இருந்தது. அதில் நல்ல பொடி எருவாக நிரப்பி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து அனுப்பினேன். ஜாடியை எடுத்ததற்கு மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குமாஸ்தாவுக்கு மேஜை மேல் இப்படித் துணி கட்டிய ஜாடிகள் வந்து இறங்குவது பழக்கம் போலிருக்கிறது. டெண்டர் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே அவர் ஜாடியை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். மதியம் தயிர்சாதத்தைத் திறந்து வைத்து, முடிச்சை அவிழ்த்து, விரலையும் விட்டுவிட்டார். இதைப் பண்ணை வாட்ச்மேன் எங்கள் வீட்டு வாசலில் நின்று நடித்துக் காட்டிவிட்டுப் போனார். குமாஸ்தா யாரிடம் போய் என்ன சொல்ல முடியும். வேறு யாரும் எழுதாததால் டெண்டர் எங்களுக்கே வந்தது. ஆனால் அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்.

முதல் வருஷம் வண்டி வண்டியாக எரு போயிற்று. ஈரமாக இருக்கிறது என்று குமாஸ்தா ஒரு வண்டியைத் திருப்பி அனுப்புவார். காய்ந்து போயிருக்கிறது என்று இன்னொன்றைத் திருப்பி அனுப்புவார். எந்த அளவு ஈரம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், மாடுகளிடம் சொல்கிறோம் என்றேன். மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வருஷம் எங்கள் குழி தீர்ந்துபோயிற்று. பண்ணைக்கோ இன்னும் வேண்டும். அப்போதுதான் நான் ஆட்டுக்கிடையைப் பற்றி மேனேஜரிடம் சொன்னேன். அறுவடை முடிந்த கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தை மந்தையாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் காடு கரையில் மேய்த்து, இருட்டினால் யார் வயலோ அந்த வயலில் மூங்கில் படலை வைத்து அடைப்பார்கள். விடிந்து பார்த்தால் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். வண்டி வேண்டாம், அள்ள வேண்டாம், இறைக்க வேண்டாம். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. புத்தகத்தில் படித்திருப்பதாகச் சொன்னார்.

குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, வாங்குன பொருளு மொதல்ல ஸ்டோருக்கு வரணும். எடை போடணும். வரவு வைக்கணும். அப்பறந்தான் வயலுக்கு எறங்கணும். ஆடு நேரா வயல்ல போட்டுட்டா நான் எதை வரவு வைக்கிறது?"

"அப்ப ஆட்ட ஸ்டோர்ல படுக்க வச்சுக்கங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சமஸ்தானத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பொருள் வாங்கியதாக ஏன் எழுதுகிறீர்கள், உழவுக்கு மாட்டை வாடகைக்குப் பிடிக்கிற மாதிரி ஆட்டை வாடகைக்குப் பிடித்ததாக எழுதலாமே என்றேன். அவர் பேனா மறுபடி திறந்தது.

"உழவு மாடு உழும். ஆடு என்ன வேலை செஞ்சுச்சுன்னு எழுத?"

"தங்குச்சுன்னு எழுதுங்க."

அந்த மனிதரின் கண்ணில் முதல் தடவையாக என்மேல் மரியாதையைப் பார்த்தேன். 'ஆடுகள் பண்ணையில் தங்கிய வகைக்கு' என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஊதிக் காய வைத்தார்.

அந்தச் சமயம் வல்லத்திராக்கோட்டையில் ஒரு கீதாரி கிடை போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய்ப் பேசிக் கூட்டி வந்தார். கீதாரி தாடியும் கம்பளியுமாக, எப்போதும் யாரோ தன்னை ஏமாற்ற வருகிற மாதிரியே பார்க்கிற ஆள். கூலியை நெல்லாகத்தான் வாங்குவேன், தினம் அரிசியும் வேண்டும் என்றார். சர்க்கார் நெல் கொடுக்காது என்பதால் அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அடுத்த இடைஞ்சல் குமாஸ்தாவிடமிருந்து வந்தது. எத்தனை ஆடு என்று எண்ணி எழுத வேண்டுமாம். கீதாரி மந்தைக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். ஆட்டை எண்ணினால் குறைந்து போகும், எண்ண விடமாட்டேன் என்றார். வெகு நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கீதாரிக்கே அலுத்துப் போனது.

"ஒங்களுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு எழுதிக்கங்க சாமி. எண்ண மட்டும் வேணாம்."

காண்டிராக்ட்காரன் ஒருவன் வாயிலிருந்து இவ்வளவு நல்ல வார்த்தையைத் தன் சர்வீஸிலேயே கேட்டதில்லை என்று குமாஸ்தா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கிடை நன்றாகவே நடந்தது. தரிசாகக் கிடந்த வயல்களில் ஒவ்வொன்றாகப் படலை மாற்றி வைத்துக்கொண்டு போனார் கீதாரி. பண்ணையில் அப்போது பச்சையாக இருந்தது ஒரே ஒரு இடம். கிணற்றுப் பாசனத்தில் மேனேஜர் தன் கையால் விதைத்து, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட நிலக்கடலைக் கொல்லை. புது ரகம். முன்னால் ரகத்தின் நம்பர் எழுதிய போர்டு. சுற்றிலும் இலந்தை முள் வெட்டி வேலி அடைத்திருந்தார்கள். கம்பி வேலி கேட்டு அவர் எழுதிய மனுக்களுக்கு மேலேயிருந்து பதிலே வரவில்லை. அவரும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடலையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து இலாகாவின் பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பண்ணை தலைகீழாயிற்று. வழியின் இரண்டு பக்கமும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். வேப்ப மரத்துக்கும் இடுப்புவரை சுண்ணாம்பு அடித்தார்கள். கொஞ்சம் நின்றிருந்தால் எனக்கும் அடித்திருப்பார்கள். அதிகாரிக்குக் காலை டிபன் செய்யும் வேலை எங்களிடம் வந்தது. வடையும் கேசரியும் என்று முடிவாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் குமாஸ்தா எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கடலைக் கொல்லையைச் சுற்றியிருந்த முள் அசிங்கமாக இருக்கிறது, பெரியவர் கண்ணில் முதலில் முள்ளா படுவது என்று சொல்லி, அதைப் பிடுங்கிப் பின்பக்கம் போடச் சொன்னார். மேனேஜர் தயங்கினார். ஒரு ராத்திரிதானே என்றார் குமாஸ்தா.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்துக்கு நானும் மாமியாரும் சாமான்களோடு பண்ணைக்குப் போனோம். தூரத்திலிருந்து பார்க்கும்போதே கொல்லை ஒரு மாதிரியாகத் தெரிந்தது. பச்சை இல்லை. வெள்ளையும் பழுப்புமாக அசைந்தது. கிட்டே போனால் அத்தனையும் ஆடு. கீதாரி படலைத் திறந்துவிட்டு, வாய் கொப்பளிக்கக் கிணற்றுப் பக்கம் போயிருக்கிறார். கோடை முழுக்கக் காய்ந்த சருகைத் தின்ற ஆடுகளுக்குப் பனித்துளியோடு ஒரு பச்சைக் கடலைக் கொல்லை, அதுவும் வேலியில்லாமல் கிடைத்தால் என்ன செய்யும். மந்தையை விரட்டி வெளியே ஓட்டுவதற்குள் கொல்லையில் குச்சிதான் நின்றது. தின்றதோடு நிற்காமல், சர்க்காருக்குக் கொடுக்க வேண்டியதையும் அங்கேயே கொடுத்துவிட்டிருந்தன.

மேனேஜர் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். வரப்பில் உட்கார்ந்து, மொட்டையான ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முதல் பஸ்ஸில் வந்த குமாஸ்தா நிலைமையைக் கேட்டார். நான் அவர் மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கொல்லையை ஒரு தடவை பார்த்தார், ரக நம்பர் எழுதிய போர்டைப் பிடுங்கித் திருப்பிப் போட்டார், சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிரஷ்ஷை நனைத்து, போர்டின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ஆட்டுக்கிடைச் செயல்விளக்கத் திடல். மறுபடி நட்டார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, ஓர் எழுத்துக்குச் சுழி சரியில்லை என்று போய்த் திருத்தினார். உண்மையில் அந்த மனிதர் வீணாகிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த திறமைக்கு இந்தப் பண்ணை போதாது.

வெயில் ஏறிய பிறகு ஜீப் வந்தது. பெரிய அதிகாரி பூட்ஸும் தொப்பியும் கைத்தடியுமாக இறங்கினார். சுண்ணாம்புக் கல் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். போர்டுக்கு முன்னால் வந்து நின்றதும் முகம் மாறியது. எல்லாப் பண்ணையிலும் மூட்டை உரத்தையே காட்டுகிறார்கள், இங்கேதான் ஒருவர் யோசித்திருக்கிறார் என்று மேனேஜர் முதுகில் தட்டினார். மேனேஜர் அழப்போகிறவர் மாதிரி நின்றார். இந்தக் குச்சிகள் என்ன என்று அதிகாரி கேட்டார். முந்தின பயிரின் கட்டை, மடக்கி உழப்போகிறோம் என்று குமாஸ்தா கண் இமைக்காமல் சொன்னார். அதிகாரி கொல்லைக்குள் இறங்கி, குனிந்து ஒரு புழுக்கையைக் கையில் எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்து, நல்ல சரக்கு என்றார். ஆடுகளையும் பார்க்க வேண்டும் என்றார்.

கீதாரி மந்தையைக் கொல்லைக்கு அடுத்தாற்போல் வேப்ப மரத்து நிழலில் மடக்கி வைத்திருந்தார். அப்போது அவர் ஒரு மாதிரியாகக் குரல் கொடுத்தது கேட்டது. ஒரு ஆடு காலைப் பரப்பி நின்று, வாயைத் திறந்து மூச்சுக்கு அல்லாடியது. இடப்பக்கம் வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாய்ந்தது. அடுத்து இன்னொன்று. அதிகாரி என்ன ஏது என்று தெரியாமல் கைத்தடியோடு நடுவில் நின்றார்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. அதிகாரியின் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

"அங்கிட்டு நில்லுங்கய்யா. ஆடு சாகப் போவுது."

"என்னப்பா ஆச்சு இதுகளுக்கு?" என்றார் அதிகாரி.

"விடியக்காலம் ஒங்க கடலக்கொல்லய மேஞ்சிருச்சுங்க. பனியோட தின்னதுல வகுறு ஊதிப்போச்சு."

"எந்தக் கொல்லை?"

"இப்ப நீங்க மோந்து பாத்தீங்கள்ல, அதுதாங்க."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் பூட்ஸ் போட்டவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பேசியதே அவருக்குத் தெரியாது. சாய்ந்த ஆட்டைத் தூக்கி நிறுத்தி, தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எண்ணெய் எண்ணெய் என்று கத்தினார். குமாஸ்தா போர்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எண்ணெய் எங்களிடம்தான் இருந்தது. பண்ணைக் கொட்டகையில் மாமியார் வடை சுட்டுக்கொண்டிருந்தார். வாணலியில் ஊற்றியது போக டின்னில் நிறையவே பாக்கி இருந்தது. நான் ஓடிப் போய் டின்னைக் கேட்டேன். வடை பாதிதான் ஆகியிருக்கிறது, அதிகாரிக்கு என்ன கொடுப்பது என்று மாமியார் டின்னை மடியோடு அணைத்துக்கொண்டார். எனக்குப் பின்னாலேயே அதிகாரி வந்து நின்றார். மாமியார் மடியிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டு ஓடினார். தொப்பி வழியில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது நினைவில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. கீதாரியிடம் மருந்து புகட்டும் மூங்கில் குழாய் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டைப் பிடிக்க, கீதாரி வாயைப் பிளக்க, அதிகாரி எண்ணெயை ஊற்றினார். வேப்பங்குச்சியை ஒடித்துக் கடிவாளம் மாதிரி ஆட்டின் வாய்க்குக் குறுக்கே கொடுத்து, கொம்போடு நாரால் கட்டினோம். குச்சியை மென்றுகொண்டே இருந்தால் காற்று வெளியேறும். மேனேஜரும் நானும் ஆளுக்கொரு ஆட்டை மேட்டுப் பக்கம் முன்னங்கால் இருக்கும்படி நிறுத்தி வயிற்றை நீவினோம். ஏப்பம் வந்தது. அதைவிடப் பெரிய சத்தங்களும் வந்தன. அரசாங்க அதிகாரி ஒருவர் முகத்துக்கு நேரே ஒரு ஆடு அப்படி மரியாதையில்லாமல் நடந்துகொண்டதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்தது என்றார்.

பெரும்பாலான ஆடுகள் பிழைத்தன. சில தேறாது என்று தெரிந்ததும் கீதாரி அவற்றைத் தனியே கொண்டுபோய் அறுத்தார். அதில் ஒன்று அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெட்டை. அதற்கு மட்டும் கத்தியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அதுவரை அந்த ஆளை நான் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்திருந்தேன்.

எல்லாம் அடங்கியதும் அதிகாரி வரப்பில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். மேனேஜரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். அந்தப் பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. முள் எடுத்தது, படல் திறந்தது, போர்டு திரும்பியது எல்லாவற்றையும் சொல்லி, பொறுப்பு தன்னுடையது என்றார். போர்டு எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். குமாஸ்தா முன்னால் வந்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. குமாஸ்தாவுக்கு அது பாராட்டா தண்டனையா என்று வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தெரியவில்லை.

அதிகாரி சைவம். மிச்சமிருந்த வடைகளை அவர் சாப்பிட்டார். ஜீப் போன பிறகு மற்ற எல்லோருக்கும் ஆட்டுக்கறி. இலாகா நடத்திய விழாக்களிலேயே எல்லோரும் வயிறார உண்டது அன்று ஒரு நாள்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சில வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. பண்ணைக்குக் கம்பி வேலி அனுமதிக்கப்பட்டது. இன்னொன்றில், மற்ற விதைப் பண்ணைகளிலும் ஆட்டுக்கிடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மேனேஜர் வேலி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அடுத்த பட்டத்தில் அதே இடத்தில் மறுபடி கடலை போட்டார். அந்த மண்ணில் அப்படி ஒரு விளைச்சலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகு அவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு போனார். மாமியார் எருக்குழியைக் கூட்டிப் போய்க் காட்டினார். அதைவிடப் பெரிய மரியாதை அவரிடம் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு வாய் திறந்ததும் நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று ஆட்டை இடுக்கிக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் திறந்தது மூடவில்லை. தாலுக்கா ஆபீஸுக்குப் போனால் ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் அவர் மேஜை ஆடுவதைப் பற்றிச் சொல்வார். போலீஸ்காரரிடம் தொப்பையைப் பற்றிச் சொல்வார். ஒரு மனுவில் கையெழுத்து வாங்கப் போனவர், அந்த ஆபீஸர் வீட்டு மாட்டுக்கு ஏன் பால் வற்றியது என்று விளக்கிவிட்டு, மனுவை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தார். பழையபடி நானே போகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மறு வருஷம் தணிக்கை வந்தது. ஆடிட்டர் ஒல்லியாக, ஒரு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குமாஸ்தா எங்கள் இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினார்.

ஆடிட்டரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆடுகள் தங்கிய வகைக்கு என்று எழுதியிருக்கிறது. தங்கியது ஆடு. இடம் சர்க்காருடையது. தங்கியவர்தானே இடத்துக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும், இங்கே சர்க்கார் ஏன் ஆட்டுக்குக் கொடுத்தது என்று கேட்டார். குமாஸ்தா என்னைப் பார்த்தார். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து தங்கினால் வாடகையா கேட்கிறோம், சோறு போட்டுக் கையிலும் கொடுத்துத்தானே அனுப்புகிறோம் என்றேன் நான். மாப்பிள்ளை வயலுக்கு எரு போடுவாரா என்று கேட்டார் ஆடிட்டர்.

நான் பதில் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"சில மாப்பிள்ளைங்க அதுக்குக்கூட ஒதவறதில்லீங்க."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். அவர் வீட்டில் மாப்பிள்ளை யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆட்சேபம் ஆட்சேபம்தான் என்று எழுதிவிட்டார். அதற்கு மேலேயும் கீழேயும் பதில்கள் போய்க்கொண்டே இருந்தன. அது முடியும் முன்பே பண்ணைக்கு ரயிலிலும் லாரியிலும் உர மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்தன. மூட்டையை எண்ணலாம், எடை போடலாம், ஸ்டோரில் அடுக்கலாம். குமாஸ்தாவுக்கு நிம்மதி. எங்களுக்கு டெண்டர் நின்றது. அதற்குள் நாங்கள் எருவில் சம்பாதித்ததைக் கொண்டு கிணறு வெட்டியிருந்தோம். எங்கள் எரு எங்கள் வயலுக்கே போதவில்லை.

ஆட்சேபம் எழுதிய அன்று சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஆடிட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திருச்சியில் அவர் வீட்டில் மல்லிகைச் செடிகள் இருக்கின்றனவாம். பூக்கவே மாட்டேன் என்கின்றனவாம். ஆட்டுப் புழுக்கை போட்டால் பூக்கும் என்று அவர் சம்சாரம் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். ஒரு சாக்கு கிடைக்குமா என்று கேட்டார். நல்ல சரக்காகவே பார்த்து ஒரு சாக்கு கட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம், வாங்கிக்கொண்டதற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். எழுதவில்லை.

சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு விதை என்று ஆடிட்டரே சொல்ல, பஸ் கூரையில் ஏற்றினார்கள். புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் நல்ல கோடை மழை பிடித்துக்கொண்டதாம். கூரையில் ஒழுகல் இருந்த பஸ் அது. மறுநாள் அந்தக் கண்டக்டர் ஆலங்குடி ஸ்டாண்டில் என் வீட்டுக்காரரைப் பிடித்து, அது என்ன விதை என்று கேட்டார். இவரும் சொன்னார். எந்த ஊர் ஆடு, என்ன தின்றது, எத்தனை நாள் காய்ந்தது என்பது வரை நின்று நிதானமாகச் சொன்னதில் பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது.